ஒராவுக்குப் போட்ட சோறு

1

திரேசம்மாவை இந்த வீட்டிலிருந்து துரத்தியது நான்தான். கையைப் பிடித்து வெளியே தள்ளவில்லை. நான் செய்ததை அவர் செய்ததாக, படித்த மனிதனுக்குரிய நிதானமான குரலில், ஒரு வசனம் சொன்னேன். அது போதுமாயிருந்தது. அவர் குருநகருக்குத் திரும்பிப் போனார். நான் இங்கே கனடாவில், மகளின் வீட்டில், குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சுகமாக இருந்தேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் ஆட்களைச் சொல்ல வேண்டும். நான் காங்கேசன்துறையில் பிறந்தவன். யுத்தம் அங்கிருந்து கிளப்பிய பின் மருதனார்மடத்தில் குடியிருந்து, ஓய்வு பெறும்வரை உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் படிப்பித்தேன். என் மகள் வதனி இங்கே அன்ரனைக் கலியாணம் செய்தாள். அன்ரனின் தாய்தான் திரேசம்மா. பேத்தி சாரா பிறந்ததும் அவரைக் கூப்பிட்டார்கள். பிறகு என்னையும் என் மனைவி பரமேசையும் கூப்பிட்டார்கள். பரமேஸ் இங்கே அதிக காலம் இருக்கவில்லை. இந்த நாட்டு நிலத்துக்குள்ளும் போகவில்லை. சாம்பலாகி ஒரு ஏரியில் கரைந்தாள். அதற்குப் பிறகு, மற்றவர்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட, பகல் முழுக்க வீட்டில் நாங்கள் இரண்டு கிழங்கள். நடுவில் ஒரு மீன்தொட்டி.

நான் திரேசம்மாவை மதித்ததில்லை. எங்களுடையது தோணி வைத்து இந்தியாவுக்குச் சரக்கு ஏற்றிய குடும்பம். அவர்கள் வலை இழுத்தவர்கள். ஒரே கடலைத் தின்று வாழ்ந்துவிட்டு அதற்குள்ளும் மேலே கீழே என்று படி வைத்துக்கொள்ளும் அற்பத்தனம் எங்களிடம் உண்டு. ரொறன்ரோ விமான நிலையத்தில் மாங்காய் ஊறுகாயைப் பறித்து வைத்துக்கொள்கிறார்கள். இதை யாரும் பறிப்பதில்லை.

2

தொட்டி அன்ரனுடையது. அதைப் பற்றி எனக்கு அன்றும் நல்ல அபிப்பிராயம் இல்லை, இன்றும் இல்லை.

குருநகர்க் கரையில் பிறந்தவன் கடலைத் தூளாக வாளியில் வாங்குகிறான். அந்தத் தூளைக் கரைப்பதற்கு முதல், குழாய்த் தண்ணீரை வடிகுழாய்கள் வரிசையாக வைத்து வடித்து, அதில் ஒன்றுமே இல்லாமல் செய்கிறான். பிறகு அந்த ஒன்றுமில்லாத தண்ணீருக்குள் எல்லாவற்றையும் போடுகிறான். முருகைக்கல், அதாவது பவளப்பாறை, அவனுக்குத் தபாலில் பெட்டியில் வருகிறது. எங்கள் ஊரில் முருகைக்கல்லை வேலிக்கு அடுக்கினோம். சூளையில் எரித்துச் சுண்ணாம்பாக்கினோம். நிலத்துக்குக் கீழே கிடந்த அதன் மூதாதைகளைச் சீமெந்துத் தொழிற்சாலை அரைத்து, எங்கள் முற்றத்து மாமரத்து இலைகளில் வெள்ளையாகப் படியவிட்டது. அன்ரனோ அதற்கு நீல விளக்குப் பூட்டி, அலை வருவதற்கு விசிறி பூட்டி, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போல வெப்பமானி வைத்திருக்கிறான். வேலை விட்டு வந்தால் தாயோடு கதைக்கமாட்டான்; எங்கேயோ அமெரிக்காவில் இருக்கிற முகம் தெரியாத ஒருவனோடு கணினியில் பாசியைப் பற்றிக் கதைப்பான்.

விருந்தினர் வந்தால் அதன் முன்னால் நின்று "என்ன வடிவு!" என்பார்கள். கரையில் இருந்த காலத்தில் கடலுக்கு முதுகு காட்டி வீடு கட்டியவர்கள்.

புதுத் தொட்டியில் பாசி வருவது இயற்கை. முதலில் மண்ணிறமாய் ஒரு தூள் படியும். அது போனதும் பச்சை மயிர்ப்பாசி வரும்: கல்லில் வேரோடு பிடித்து, தலைமயிர் போல நீண்டு அலையும். அது முருகைக்கு மேலே படர்ந்தால் முருகையின் வாய்கள் மூடிவிடும், வெளிச்சம் கிடைக்காது, சாகும். அன்ரன் பயந்துபோய்ப் பாசி தின்னும் மீன் ஒன்று வாங்கி வந்தான். எலுமிச்சை மஞ்சள் உடம்பு, கறுப்பு வெள்ளை முகம். சாரா அதற்கு "லெமன்" என்று பெயர் வைத்தாள்.

திரேசம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் கிட்ட வந்து பார்த்தார்.

"மாஸ்ரர், இது ஒரா எல்லோ! மஞ்சள் பூசிக் கொண்டந்து விட்டிருக்கினம்." எங்கள் கடலில் பிடித்துக் கறி வைக்கும் மீன்தான் ஒரா.

"குடும்பம் ஒண்டுதான். இனம் வேறை," என்றேன்.

"குடும்பம் ஒண்டெண்டால் சொதிக்குச் சரிதானே?"

சாராவுக்கு விளங்கும்படி அதை யாரோ ஆங்கிலத்தில் சொல்ல, பிள்ளை அன்று முழுக்க அப்பம்மாவிடம் போகவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தொட்டியில் உள்ள முருகைகளின் இலத்தீன் பெயர்கள் தெரியும். குருநகர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தொலைபேசியைத் தேடும்.

ஒரா தன் வேலையைச் செய்தது. காலையிலிருந்து மாலை வரை கல்லைக் கொறித்து, பாசியைத் தின்று, தொட்டியைத் துப்புரவாக்கியது. திரேசம்மா ஒருநாள் பாசத்தில் கொஞ்சம் பாண் துகளைத் தூவிவிட்டார். அன்ரன் கண்டு ஏசினான். அவர் மறைக்கவில்லை. "ஓம், நான்தான் போட்டனான். பசிச்ச முகமாக் கிடந்தது. இனிப் போடன்," என்று சிரித்தார். அந்தச் சொல்லை அவர் கடைசிவரை காப்பாற்றினார். நான் அதைச் சாட்சியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள், சொல்லவில்லை.

3

இப்போது காகத்துக்கு வருகிறேன்.

மருதனார்மடத்தில் இருந்தபோது பரமேஸ் சனிக்கிழமை விரதம் பிடிப்பாள். ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய் வந்து சமைத்து, முதல் பிடி சோற்றைக் கறிகளோடு குழைத்து மதிலில் வைத்து, காகம் எடுத்த பிறகுதான் எனக்கு இலை போடுவாள். நான் பசியில் இருந்து நையாண்டி பண்ணுவேன். "காகம் எல்லாம் தின்னும் பிராணி. செத்த எலியையும் தின்னும், உன்ரை சோத்தையும் தின்னும். உதிலை உன்ரை அப்பா எங்கை வந்தவர்?" அவள் திரும்பிப் பார்க்கவும் மாட்டாள். "நீங்கள் வகுப்பிலை சொல்லுங்கோ. இஞ்சை வேண்டாம்," என்பாள்.

அவள் செத்த பிறகு சனிக்கிழமை விரதம் நான் பிடித்தேன். இதற்கு விளக்கம் என்னிடம் இல்லை. பின்முற்றத்து மரவேலிக் கட்டையில் சோறு வைத்தேன். இந்த நாட்டிலும் காகம் உண்டு. ஆனால் அது உச்சி மரத்தில் இருந்து குடிவரவு அதிகாரி பார்ப்பது போலப் பார்க்கும், இறங்காது. வந்தது அணில். அதற்குப் பிறகு ரக்கூன் என்ற முகமூடிக் கள்ளன் குடும்பத்தோடு வந்தான். பக்கத்து வீட்டுக்காரி நகரசபைக்கு அறிவித்தாள்.

நகரசபை அலுவலர் ஒருவர் வந்தார். காட்டு விலங்குகளுக்கு உணவு வைப்பது குற்றம் என்று என்னிடம் மெதுவாக, செவிடனுக்குச் சொல்வது போலச் சொன்னார். நான் என் ஆங்கிலத்தில், இது விலங்குக்கு இல்லை, என் மனைவிக்கு என்றேன். மனைவி எங்கே என்றார். இறந்துவிட்டாள் என்றேன். அந்த மனிதர் பின்முற்றத்துப் புற்றரையை ஒருமுறை சுற்றிப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். போகும்போது வதனியைத் தனியே கூப்பிட்டு, அப்பாவை வைத்தியரிடம் காட்டினீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

"அப்பா, இனி வெளியிலை ஒண்டும் வையாதையுங்கோ. எங்களுக்கு வழக்கு வரும்," என்றாள் வதனி. "அம்மாவை மனசிலை நினைச்சால் காணுமெல்லோ?"

நான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த வாதம் அது. என் மகளின் வாயில் கேட்டபோது அருவருப்பாக இருந்தது.

அதற்கு அடுத்து வந்ததுதான் பரமேசின் முதல் திவசம். ஐயர் வந்து கிருத்தியம் செய்துவிட்டு, அடுத்த வீட்டு அலுவலுக்கு அவசரமாகக் காரில் ஏறிவிட்டார். வதனி, "அப்பா, சாப்பிடுங்கோ," என்று சொல்லி மேலே போனாள். என் கையில் ஒரு பிடி சோறு. பருப்பும் நெய்யும் வடைத் துண்டும் சேர்த்துக் குழைத்தது. வைக்க இடமில்லை. முன்னால் தொட்டி. ஒரா கண்ணாடிக்கு அருகே வந்து என்னைப் பார்த்தபடி நின்றது. மூடியைத் தூக்கி ஒரு சிறு உருண்டையைப் போட்டேன்.

அது உடனே வந்து எடுத்தது.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு என் கையால் வைத்த சோற்றை எடுத்த முதல் உயிர் அதுதான். நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன். ஒரு உயிரியல் ஆசிரியன். வெட்கக்கேடு.

4

அதன் பிறகு ஒவ்வொரு சனியும் போட்டேன். கொஞ்சக் காலத்தில் மற்ற நாட்களிலும் போடாமல் சாப்பிட முடியவில்லை. திரேசம்மா மத்தியானம் கட்டிலில் சரியும் நேரம் பார்த்து மூடியைத் தூக்குவேன்.

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதென்று யாரும் எண்ணவேண்டாம். தண்ணீரில் போசணை மிஞ்சினால் பாசி பெருகும். அதற்கு நற்போசணையாக்கம் என்று பெயர். அதைக் கரும்பலகையில் எழுதி எழுதியே என் தோள்மூட்டுத் தேய்ந்தது. புத்தூர் வெங்காயத் தோட்டங்களுக்கு மாணவரைக் கூட்டிப்போய், கிணற்றடித் தொட்டியில் பச்சையாய்ப் படர்ந்திருந்ததைக் காட்டி, பசளையை அளந்து போடவேண்டும் என்று அங்கே நின்ற ஒரு தோட்டக்காரருக்கும் சேர்த்துப் பிரசங்கம் செய்தவன் நான். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "மாஸ்ரர், உங்கடை வீட்டிலை பிள்ளையளுக்குச் சோறு அளந்தோ போடுறியள்?" என்று கேட்டார். மாணவர் சிரித்தார்கள். அறியாமை என்று நான் அவரை மனத்துக்குள் தள்ளிவைத்தேன்.

தொட்டியில் மயிர்ப்பாசி திரும்பி வந்தது. முதல் வந்ததைப் போலில்லை. கம்பளம் போல வந்தது. சோற்றில் வயிறு நிறைந்த ஒரா பாசியைத் திரும்பியும் பார்க்கவில்லை. வேலைக்கு வைத்தவனுக்கு வீட்டுக்காரன் ஒளித்து விருந்து போட்டால் அவன் ஏன் மண்வெட்டியைத் தொடுவான்?

அன்ரனின் யுத்தம் தொடங்கியது. பல் துலக்கும் பிரஷால் கல்லைத் தேய்த்தான். தேய்த்த இடத்தில் அடுத்த கிழமை இன்னும் அடர்த்தியாய் வந்தது. விளக்கு நேரத்தைக் குறைத்தான். அதிலும் சரிவராமல், தொட்டியைக் கறுப்புப் பொலித்தீனால் மூடி, வெளிச்சமே இல்லாமல் நாட்கணக்கில் வைத்தான். ஊரடங்குக் காலத்தில் விளக்கை அணைத்து, யன்னலுக்குச் சாக்குக் கட்டி இருந்தவர்கள் நாங்கள். இங்கே ஒரு மீன்தொட்டிக்கு இருட்டடிப்பு. நான் அந்தப் பொலித்தீனையும் ஒரு பக்கம் கிளப்பிச் சோறு போட்டேன். பிறகு நத்தைகள் வாங்கி விட்டான். தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினான். பாசிக்குப் போசணையான பொசுபேற்றை உறிஞ்சும் துருநிற மணிகள் வாங்கி ஒரு குழாயில் அடைத்தான்.

ஒவ்வொரு ஞாயிறும் சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீர் எடுத்து மருந்துத் துளி விட்டுக் குலுக்குவான். நீலம் வரும். நீலம் கடுமையானால் பொசுபேற்று கூட. அதை வெளிச்சத்தில் பிடித்து என்னிடம் காட்டுவான்.

"மாமா, உங்களுக்குத் தெரியும்தானே. எல்லாம் செய்யிறன், ஏன் குறையுதில்லை?"

"கல்லுக்குள்ளை ஊறிக் கிடக்கிற பொசுபேற்று மெல்ல மெல்லக் கசியும்," என்பேன். பொய்யும் இல்லை. பாடப்புத்தகத்தில் பாதியை மட்டும் வாசித்துக் காட்டுவது என் தொழிலில் பழகிய வித்தை.

சில முருகைகள் வெளிறிச் செத்தன. அன்ரன் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற விதம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. வன்னியில் என்னென்ன செத்தது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தால் எந்தப் பிழையும் சின்னதாகிவிடும். அது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு ஞாயிறு, நீர் சுத்தம் செய்யும் கருவி நுரைப்பதை நிறுத்திவிட்டது. அதுதான் அழுக்கை நுரையோடு வெளியே தள்ளுவது. தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் மெல்லிய படலம். முதல் நாள் சனி. நெய்யை நான் சற்றுத் தாராளமாகவே விட்டிருந்தேன். அன்ரன் விரலால் தொட்டுப் பார்த்தான். வதனியும் நின்றாள். திரேசம்மா அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன மாமா? எண்ணெயோ?"

அப்போதுதான் அந்த வசனத்தைச் சொன்னேன்.

"ஓம். சமையல் செய்த கை தண்ணியிலை பட்டால் நுரை இப்பிடித்தான் அடங்கும்."

அந்த வீட்டில் சமையல் செய்யும் கை ஒன்றுதான்.

5

அன்ரன் அடுப்படிக்குப் போனான். சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் நல்லது.

"அம்மா, திருப்பியும் மீனுக்குச் சாப்பாடு போடுறியளோ?"

"நானோ? அண்டைக்குச் சொன்னதோடை விட்டிட்டன், தம்பி."

"அப்ப எண்ணெய் எங்காலை வந்தது?"

"எனக்கென்ன தெரியும்? நான் தொட்டியடிக்கே போறேல்லை."

"பொய் சொல்லாதையுங்கோ, அம்மா. மாமா பாத்துச் சொல்லுறார்."

திரேசம்மா என்னைப் பார்த்தார். எண்ணெய்க் கரண்டி கையில் இருந்தது. நான் பாடசாலையில் பெற்றோர் கூட்டத்தில் நிற்பது போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"மாஸ்ரர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்றார் அவர்.

அடுத்த நாள் தொட்டி மூடியில் ஒரு சின்னப் பூட்டு தொங்கியது. பயணப்பெட்டிக்குப் போடும் பூட்டு. திறப்பு அன்ரனின் சாவிக்கொத்தில். திரேசம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எனக்கோ?" என்று கேட்டார். அன்ரன் சாவிக்கொத்தைச் சட்டைப்பைக்குள் போட்டான். குளிர் குறைந்ததும் தங்கச்சிக்குச் சுகமில்லை என்று சொல்லி விமானம் ஏறினார். திரும்பி வரும் பேச்சை எடுத்தபோதெல்லாம் பிறகு பார்ப்போம் என்றார்.

இனித்தான் கேவலமான பகுதி. பூட்டு எனக்கும் பூட்டுத்தானே. சோறு நின்றது. பசித்த ஒரா கல்லைக் கொறிக்கத் தொடங்கியது. நீலம் வெளிறியது, மயிர்ப்பாசி கழன்று போனது. திரேசம்மா போனார், பாசியும் போனது: இதைவிட அழகான பரிசோதனை முடிவை எந்த மாணவனும் எனக்குக் கொண்டுவந்து காட்டியதில்லை.

"பாத்தீங்களே மாமா," என்றான் அன்ரன்.

"ஓம்," என்றேன்.

தாயை ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் எடுப்பான். தொட்டி நல்லாயிருக்கு என்று அவருக்கு வேறு சொல்லுவான்.

6

இரண்டாம் திவசம் வந்தது. அதே ஐயர், அதே அவசரம். இலையில் எல்லாம் இருந்தது. தொட்டி பளிங்கு போல இருந்தது. முருகைகள் விரிந்து அலைந்தன. ஒரா பூட்டிய மூடிக்குக் கீழே மேலேறி வந்து, சோற்று மணத்துக்கு வாயைத் திறந்து மூடியது. அதற்கு மறக்கவில்லை.

நான் இலையைத் தள்ளி வைத்தேன். பரமேஸ் உயிரோடு இருந்தால் என்னோடு ஒரு வார்த்தை கதைத்திருக்கமாட்டாள். அவளுக்கு வைத்த சோற்றுக்கு இன்னொரு பெண் பழி சுமந்தாள் என்று அறிந்தால் எந்தக் காகமாய் வந்தாலும் என் கையில் தொடமாட்டாள். இப்படி யோசிப்பது விஞ்ஞானம் இல்லை என்று தெரியும். ஆனால் விஞ்ஞானத்தை வைத்து நான் செய்தது அதைவிட மோசம்.

வதனியையும் அன்ரனையும் கூப்பிட்டு இருத்திச் சொன்னேன். காகம், நகரசபை, ஒரா, நெய், யன்னல் எல்லாம்.

வதனி இரண்டு கையாலும் முகத்தை மூடினாள். அன்ரன் தொட்டியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"ஐயோ மாமா, முதலே சொல்லியிருக்கலாமே! மாமிக்கெண்டால் நான் ஏன் வேண்டாமெண்டுறன்? ஒரு பருக்கை ரெண்டு பருக்கை போட்டால் ஒண்டும் செய்யாது." எழும்பிப் போய்ப் பூட்டைக் கழற்றி, திறப்பையும் பூட்டையும் என் உள்ளங்கையில் வைத்தான். "இது உங்களிட்டையே இருக்கட்டும்."

நான் ஏச்சுக்குத் தயாராக வந்திருந்தேன். என் தலையில் அந்தப் பூட்டால் அவன் அடித்திருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

"அன்ரன், அம்மாவுக்குச் சொல்லோணும்," என்றேன்.

"ஓமோம், சொல்லுவம்," என்று அவன் கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்தான். "ஆறுதலாச் சொல்லுவம்."

அந்த ஞாயிறு அவன் தொலைபேசி எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் வேலை என்றான். நேரில் போய்ச் சொல்வதற்கு எனக்கு ஊருக்குப் பயணச்சீட்டு எடுக்கச் சொன்னேன். வதனி, "வீடியோவிலை சொல்லலாமே அப்பா," என்றாள். என் மகளுக்கு எதையும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துத்தான் பார்க்கத் தெரியும்.

7

குருநகரில் திரேசம்மாவின் தங்கச்சி வீடு இறங்குதுறைக்குக் கிட்ட. நான் போன நாள் சனிக்கிழமை. வாசலில் ஓட்டோ நின்றதும் அவர் எட்டிப் பார்த்தார். கையில் மீன் செதில்.

"வாங்கோ மாஸ்ரர். என்ன, தொட்டி உடைஞ்சு போச்சோ?"

பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, கை கழுவி வந்து முன்னால் இருந்தார். சுற்றிவளைக்காமல் சொன்னேன். அந்த எண்ணெய் என்னுடையது. அந்தச் சோறு என்னுடையது. தெரிந்துகொண்டே உங்கள் பக்கம் காட்டினேன்.

முதலில் அவருக்கு விளங்கவில்லை.

"மீனுக்கோ? திவசச் சோறோ?" குசினிப் பக்கம் திரும்பி, "எடியே, இஞ்சை வந்து கேள்! மாஸ்ரர் ஒராவுக்குப் படைச்சவராம்!" என்று கத்தினார். உடம்பு குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்தார். "ஒராவைச் சொதி வைக்கிற சனத்தைக் கண்டிருக்கிறன். ஒராவுக்குச் சோறு வைக்கிற சனத்தை இப்பத்தான் காணுறன். பரமேஸ் அக்கா பாத்தால் சிரிப்பா."

நானும் சிரித்தேன். இவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். கடல் தாண்டி வந்து மன்னிப்புக் கேட்ட பெரிய மனிதன் என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அந்த மரியாதையின் ஆயுள் அவர் அடுத்த கேள்வி கேட்கும்வரைதான்.

"அன்ரனுக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"ஓம். அவருக்குத்தான் முதல் சொன்னனான்."

"என்ன சொன்னவன்?"

பொய் சொல்ல வாய் வந்தது. எனக்கு அது பழக்கம். இந்த முறை சொல்லவில்லை.

"சிரிச்சவர்."

"சிரிச்சவனோ." கதிரையில் நிமிர்ந்து, "பூட்டு?" என்று கேட்டார்.

"கழட்டிப்போட்டார். திறப்பை என்னட்டைத் தந்தவர்."

அவர் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். கை ஏற்கெனவே காய்ந்திருந்தது.

"பாண் தூள் போட்ட எனக்குப் பூட்டு. சோத்தை அள்ளிக் கொட்டின உங்களுக்குத் திறப்பு."

நான் கதிரையின் பிளாஸ்ரிக் விளிம்பை நகத்தால் சுரண்டினேன்.

"ரெண்டு மூண்டு ஞாயிறா அவன் எடுக்கேல்லை. வேலையெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். இப்பதான் விளங்குது." அவர் குரல் உயரவில்லை. "ஏன் மாஸ்ரர் அவனுக்குச் சொன்னனீங்கள்? எனக்கு மட்டும் வந்து சொல்லியிருக்கலாமே? அம்மாதான் செய்தவா எண்டு அவன் நினைச்சிருந்தால், போகட்டும் கிழவி எண்டு ஒரு நாளைக்கு மன்னிச்சிருப்பான். ஞாயிறெண்டால் எடுத்துக் கதைப்பான். இப்ப அவனெல்லோ என்னட்டை மன்னிப்புக் கேக்கோணும். அவன்ரை அப்பனுக்கும் அது வராது. வெக்கத்திலை இனி என்ரை பக்கமே திரும்பான்."

உண்மையைச் சொன்னால் கணக்கு நேராகிவிடும் என்று நான் நம்பியிருந்தேன். படித்தவர்களின் மூடநம்பிக்கை அது.

"நீங்கள் திரும்பி வாங்கோ," என்றேன். "நான் வேணுமெண்டால் வேறை இடத்திலை போய் இருக்கிறன்."

"கோவத்திலை வரமாட்டன் எண்டில்லை. நான் போய் நிண்டால் அவன் விடிஞ்சு எழும்பி என்ரை முகத்திலை முழிக்கோணும். அதை ஏன் அவனுக்கு?" எழும்பினார். "சாப்பிட்டுப் போங்கோ. விளைமீன் வாங்கினனாங்கள்."

"இண்டைக்குச் சனி."

"ஓ, மறந்துபோனன். அப்ப தேத்தண்ணி குடியுங்கோ." போகும்போது திரும்பிப் பார்த்தார். "காகத்துக்கு வைக்கோணுமெண்டால் அந்த மதிலிலை வையுங்கோ. இஞ்சை ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு போகமாட்டினம்."

மதில் முழுக்கக் காகம் இருந்தது. மீன் குடலுக்கு வந்தவை. நான் தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

8

திரும்பி வந்து சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் குருநகருக்கு நான்தான் எடுக்கிறேன். என்னோடு கதைப்பதற்குத் திரேசம்மாவுக்கு ஒன்றும் இல்லை, எனக்கும் இல்லை. சாராவின் இருமல், அங்கத்தைய மழை, மீன் விலை. ஒலியைக் கூட்டி, அறை முழுக்கக் கேட்கும்படி வைப்பேன். அன்ரன் அந்த நேரம் பார்த்துத் தொட்டியடியில் நிற்பான். வெளியே போகமாட்டான், கிட்டவும் வரமாட்டான்.

ஒராவுக்கு நான் சோறு போடுவதில்லை. திறப்பு மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. தொட்டி இவ்வளவு சுத்தமாக ஒருபோதும் இருந்ததில்லை.

போன ஞாயிறும் எடுத்தேன்.

"மாஸ்ரர், அவன் பக்கத்திலை நிக்கிறானோ?" என்று கேட்டார்.

"நிக்கிறார்."

"என்ன செய்யிறான்?"

"தொட்டிக் கண்ணாடி துடைக்கிறார்."

"திருப்பிப் பாசி வந்திட்டுதோ?"

"இல்லை. ஒரு பொட்டுப் பாசி இல்லை."

"அப்ப ஏன் துடைக்கிறான்?"

அன்ரனின் கை கண்ணாடியில் நின்றது. நான் எழும்பிப் போய்த் தொலைபேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். மறுபக்கத்தில் திரேசம்மா மூச்சு விடுவது கேட்டது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் தூக்கி, ஈரம் என்று காட்டினான்.